ஆறு ஸ்கான்ஸ்

"ஸ்கான்ஸ் - 6." நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் கண்ணை மூடினால் அந்த வரி அப்படியே தெரிகிறது. பழுப்பேறிய பதிவேட்டில் அதற்கு மேல் வரியில் பீங்கான் சோப்புப் பெட்டி நான்கு, கீழ் வரியில் கால் உடைந்த ஸ்டூல் ஒன்று. மற்ற பொருள்களுக்கெல்லாம் மரம், இரும்பு, பீங்கான் என்று ஏதாவது ஒரு அடையாளம் எழுதியிருந்தார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் பெயரும் எண்ணும்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை எழுதிவைத்ததாக இருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த பொருளை இன்னொருவருக்கு விளக்க வேண்டும் என்று ஏன் அவருக்குத் தோன்றப்போகிறது!

எழுபதுகளின் கடைசியில் நான் மதுரையில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதல் வேலை, முதல் சம்பளத்தில் வாங்கிய சேலை, கோரிப்பாளையத்தில் பஸ் பிடித்துப் போகிற பெருமை, எல்லாம் புதிது. பதிவேடுகளையெல்லாம் தமிழில் மாற்ற வேண்டும் என்று அப்போது மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. திருமங்கலத்தைத் தாண்டி எங்கள் அலுவலகத்துக்குச் சொந்தமாக ஒரு பழைய பங்களா இருந்தது. அதிகாரிகள் சுற்றுப்பயணம் வந்தால் தங்குகிற இடம். அதன் இருப்புப் பதிவேடு என் தலையில் விழுந்தது. நாற்காலி, கட்டில், கொசுவலை என்று மடமடவென்று தமிழாக்கிக்கொண்டே வந்தவள் ஸ்கான்ஸில் நின்றுவிட்டேன். ஆட்சிச் சொற்களுக்கென்று தந்திருந்த புத்தகத்தில் தணிக்கை இருந்தது, பிணை இருந்தது, ஸ்கான்ஸ் இல்லை. ஹெட்கிளார்க் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குட்டி அகராதியை எடுத்துப் பார்த்துவிட்டு, "சிறு கோட்டைன்னு போட்டிருக்கும்மா" என்றார். பங்களாவுக்குள் ஆறு கோட்டைகளா என்று நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "இப்போதைக்கு அப்படியே இங்கிலீஷ் பேரையே தமிழ் எழுத்துல அடிச்சு வையி. பிறகு பாத்துக்கிருவோம்" என்று சொல்லிவிட்டு அகராதியை மறுபடி பூட்டிவைத்தார்.

பிறகு பார்த்துக்கொள்வதுதான் எங்கள் அலுவலகத்தின் நடைமுறையே. வருடத்துக்கு ஒருமுறை ஒரு அதிகாரி பங்களாவுக்குப் போய்ப் பொருள்களைச் சரிபார்க்க வேண்டும். போவார். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காருவார். கோழிக்குழம்பு தயாராகும். "எல்லாம் சரியா இருக்காய்யா?" என்று வாட்ச்மேனைக் கேட்பார். "இருக்குங்கய்யா" என்பார் வாட்ச்மேன். கையெழுத்து விழும். அடுத்த வருடத்துப் பட்டியல் இந்த வருடத்துப் பட்டியலைப் பார்த்து எழுதப்படும். இப்படியே எத்தனையோ வருடங்களாக ஆறு ஸ்கான்ஸும் ஒரு குறையுமில்லாமல் பட்டியலில் வாழ்ந்துவந்தன.

அந்த வாட்ச்மேனைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரர். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. இருபத்தெட்டு வருடம் அந்த பங்களாவில் வேலை பார்த்தவர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, காக்கிச் சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் எழுத்து அவருக்கு ஆகாது. ஆனால் பங்களாவில் என்னென்ன இருக்கிறது என்பதை அறை அறையாக எண்ணி மனதில் வைத்திருந்தார். "ஹால்ல முப்பத்தொண்ணு, கெழக்கு ரூம்ல பதினெட்டு, குளிக்கிற ரூம்ல ஒம்பது" என்று கடகடவென்று ஒப்பிப்பார். எண்ணிக்கை சரியாக இருந்தால் அவருக்குப் போதும். ஒவ்வொன்றுக்கும் அவராக ஒரு பெயர் வைத்திருந்தார். துரைமார் பெயர் அவருக்குத் தேவைப்படவே இல்லை.

அவர் ஓய்வுபெற இருந்த மாதத்தில்தான் புதிய அதிகாரி வந்து சேர்ந்தார். நேர்மையான மனிதர். கோழிக்குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாட்ச்மேன் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது ஒவ்வொரு பொருளையும் கண்ணால் பார்த்தே கணக்கை முடிக்க வேண்டும் என்றார். அதிகாரி, ஹெட்கிளார்க், நான் மூவரும் ஜீப்பில் போனோம். ஹாலுக்குள் நுழைந்ததும் வெயில் தொப்பியைக் கழற்றிச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு பித்தளைக் கையில் மாட்டினார் அதிகாரி. அதற்கு அடுத்ததில் என் குடையை நான் மாட்டினேன். அந்த ஹாலில் அப்படி ஆறு பித்தளைக் கைகள். பங்களாவுக்கு வருகிறவர்கள் சட்டை, துண்டு, பை எல்லாவற்றையும் அவற்றில்தான் மாட்டுவார்கள். கதை எழுதுகிறவர்களாக இருந்தால் கடைசிவரை இதை ஒளித்துவைப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஸ்கான்ஸ் என்பது அதுதான். சுவரில் பொருத்துகிற விளக்குத் தாங்கி. கரண்ட் வராத காலத்தில் அந்தக் கையின் நுனியில் மெழுகுவத்தியும் அதைச் சுற்றிக் கண்ணாடியும் இருந்திருக்கிறது. கண்ணாடி எந்தக் காலத்திலோ உடைந்து போயிருக்க வேண்டும், கை மட்டும் மிச்சம். அன்று அங்கே இருந்த ஒருவருக்கும் இது தெரியாது. அதிலும் கொடுமை, அதிகாரிக்கும் தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரியாது.

பட்டியலை நான் படிக்க, வாட்ச்மேன் ஒவ்வொன்றாகக் காட்ட, ஹெட்கிளார்க் டிக் அடித்துக்கொண்டே வந்தார். ஸ்கான்ஸ் வந்தது. "ஆறு ஸ்கான்ஸ் எங்கய்யா?" என்றார் அதிகாரி. வாட்ச்மேன் பழக்க தோஷத்தில் "இருக்குங்கய்யா" என்றார். "இருந்தா காட்டு." அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். உள்ளே போய் ஆறு பீங்கான் கோப்பைகளை எடுத்துவந்து, "இதுங்களாய்யா?" என்றார். கோப்பைக்கு ஏற்கெனவே டிக் விழுந்துவிட்டது. அதனால் "அது இல்லை" என்றார் அதிகாரி. அடுத்து ஆறு தலையணை உறை வந்தது. அதுவும் இல்லை. ஒரு பழைய கொசுவலைக் கம்பிக் கட்டு வந்தது. அதுவும் ஏற்கெனவே டிக் ஆகிவிட்டது. இப்படி டிக் அடித்தவற்றையெல்லாம் தள்ளித் தள்ளித்தான் அதிகாரி தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. ஸ்கான்ஸ் எப்படியிருக்கும் என்று நன்றாகத் தெரிந்த மனிதராகவே அவர் எனக்குத் தோன்றினார். கடைசியில், "இருக்குன்னு சொன்னது பொய்தானே?" என்று கேட்டார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் என் குடையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மெமோ அடித்தேன். ஆறு ஸ்கான்ஸ் காணாமல் போனதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். என் விரலால் அடித்தது அது. எங்கள் அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வுபெறுகிறவர் கடைசி நாளில் தனியாக வீட்டுக்குப் போவதில்லை. மாலை போட்டு, ஆபீஸ் ஜீப்பின் முன் சீட்டில் உட்காரவைத்து, அதிகாரி உட்பட எல்லோருமாகப் போய் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். விசாரணை நிலுவையில் இருக்கிறவருக்கு இந்த மரியாதை கிடையாது. அது மட்டுமில்லை, மாதக் கடைசிக்குள் ஃபைல் முடியாவிட்டால் கடைசி நாள் சாயங்காலம் சஸ்பென்ஷன் உத்தரவைக் கையில் கொடுத்துப் பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள். வாட்ச்மேன் தன் ஊரில், வீட்டில், சம்பந்தி வீட்டில் எல்லாரிடமும் தான் ஜீப்பில் வந்து இறங்கப்போகும் நாளைச் சொல்லிவைத்திருந்தார்.

மெமோவை வாங்கிக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றார்.

"தாயி, அது பெருசா, சின்னதா?"

"தெரியலைங்கய்யா."

"மரமா, இரும்பா?"

"அதுவும் தெரியலைங்கய்யா."

"அப்ப என்னத்தன்னு தேடுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் "அட, நீ எதுக்குத்தா கலங்குற" என்று சமாதானம் சொன்னார். போய்விட்டு மூன்றாம் நாள் வந்தார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. பங்களாவின் பரண், கிணற்றடி, மாட்டுக்கொட்டகை எல்லாம் தேடிவிட்டாராம். பெயர் தெரியாத, உருவம் தெரியாத ஒன்றை ஒரு மனிதர் எப்படித் தேடியிருப்பார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எதைப் பார்த்ததும் இது இல்லை என்று தள்ளியிருப்பார்?

ஹெட்கிளார்க் அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒரு யோசனை சொன்னார். "கவனக்குறைவுல தொலைஞ்சிருச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க. திருட்டுன்னா விசாரணை, தொலைஞ்சதுன்னா முடிச்சு விட்டுறலாம். ஜீப்பும் தப்பிக்கும்." வாட்ச்மேன் யோசித்தார். ஒரு தடவை கூரை மாற்றிய சமயம் பதினைந்து நாள் காய்ச்சலில் படுத்துக்கிடந்தாராம். "அப்பத்தேன் போயிருக்கணும். அம்புட்டு ஆளு வந்து போனாங்க. நாந்தேன் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார். சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிவதைப் பார்த்தேன். குற்றம் எங்கே நடந்தது என்று தெரிந்துவிட்ட நிம்மதி. அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். அவர் கையெழுத்தைப் போட்டார். எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்கினார்.

ஃபைல் அதிகாரியிடம் போய், ஒரே வரியோடு திரும்பி வந்தது. "தொலைந்த பொருளின் விவரம் தேவை." அடப்பாவமே! தொலைத்தவருக்குத் தெரியாது, தொலைந்தது என்று சொன்னவருக்குத் தெரியாது, அடித்தவளுக்குத் தெரியாது. மாதம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. ஹெட்கிளார்க் என்னிடம், "இந்தப் பொருள் என்னன்னு நாளைக்குக் காலையில நீ சொல்லணும்" என்றார். யாரிடம் போவேன்?

அன்று சாயங்காலம் கோரிப்பாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். தர்கா பக்கத்துத் தெருவில் ஒரு பாய் கடை வைத்திருந்தார். கல்யாணங்களுக்கு பெட்ரோமாக்ஸ் வாடகைக்குக் கொடுப்பார், பழைய பங்களாச் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்பார். தினமும் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவேன், உள்ளே போனதில்லை. அன்று போய்க் கேட்டேன். பாய் யோசிக்கக்கூட இல்லை.

"ஸ்கான்ஸா? வெள்ளைக்காரன் பங்களா ஏலச் சீட்டுல வரும்மா. எங்க அத்தா திவால்கீருன்னு சொல்லுவாக. உருதுல திவாலுன்னா சுவரு. சுவத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிற வெளக்கு." சொல்லிக்கொண்டே தகரக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி ஒன்றை உருவி எடுத்துத் தூசி தட்டினார். "இந்தா, இதான்."

ஒரு பித்தளைக் கை. என் குடை தொங்கிய கை. அதை வாங்கிப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு "உக்காரும்மா, தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார்.

பல வருடங்கள் கழித்து ஒரு கல்லூரி நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதி கண்ணில் பட்டபோது அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்துப் படித்தேன். பழைய பிரெஞ்சு மொழி வழியாக லத்தீனிலிருந்து வந்ததாம். வேர்ச்சொல்லுக்கு ஒளித்துவைப்பது என்று பொருள். காற்றில் அணையாமல் சுடரை மறைத்துக் காப்பது என்பதிலிருந்து அந்தத் தாங்கிக்குப் பெயர் வந்திருக்கிறது. எங்கள் ஊர் திவால்கீர் சுவரைச் சொல்கிறது. சீமைச் சொல் மறைவைச் சொல்கிறது. வெளிச்சத்துக்கான பொருளுக்கு வெளிச்சத்தை வைத்துப் பெயரிட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை பாருங்கள். அகராதியை மூடிவைத்துவிட்டு வெளியே வந்தேன். மனதில் தெளிவு வரும் என்று நினைத்துத்தான் தேடினேன். வரவில்லை. இப்போது காளவாசல் பக்கம் போனால் குளிரூட்டிய விளக்குக் கடைகளில் வரிசையாக மாட்டிவைத்திருக்கிறார்கள். வால் லைட் என்கிறார்கள். என் மகள் புது வீட்டுக்கு இரண்டு வாங்கினாள். என்னால் அந்தக் கடைக்குள் கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

கடைசி நாளன்று காலையில் அதிகாரியிடம் சொன்னேன். அவர் உடனே ஜீப்பை எடுக்கச் சொன்னார். பங்களா ஹாலில் வாட்ச்மேன் கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு காத்திருந்தார். அதிகாரி பழக்கத்தில் தொப்பியைக் கழற்றி அதே கையில் மாட்டப் போனவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். ஆறையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன. வாட்ச்மேன் வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்துவைப்பாராம்.

"இதுதாங்கய்யா ஸ்கான்ஸ். எதுவுமே தொலையலை" என்றேன் வாட்ச்மேனிடம்.

"எது? இந்தச் சட்டை மாட்டியா?"

"ஆமாங்கய்யா."

அவர் சிரிக்கவில்லை. அதிகாரியைப் பார்த்தார், ஹெட்கிளார்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சரிங்க தாயி" என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்ததால் அந்த முகத்தை நான் சரியாகப் படிக்கவில்லை. அதிகாரி ஃபைலில் "ஆறும் உள்ளன, நேரில் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதினார். அதோடு நிற்காமல் வாட்ச்மேனிடம், "என் தப்புதான், மனசுல வச்சுக்காதீங்க" என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு அதிகாரி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஹெட்கிளார்க் அந்த ஒப்புதல் கடிதத்தை ஃபைலிலிருந்து உருவி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

சாயங்காலம் சம்பங்கி மாலை போட்டு ஜீப்பின் முன் சீட்டில் உட்காரவைத்தோம். ஊர் எல்லையிலேயே ஆட்கள் நின்றார்கள். மருமகள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். அதிகாரி கையைப் பிடித்து இறக்கிவிட்டார். நினைத்ததைவிடப் பெரிய மரியாதைதான். ஆரத்தி எடுத்து முடிந்ததும் வாட்ச்மேன் எங்கள் மூவரையும், "உள்ள வந்துட்டுப் போங்கய்யா, வா தாயி" என்று கூப்பிட்டார். காப்பி கொடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று போனோம். உள்ளே போனதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். மாலையைக்கூடக் கழற்றவில்லை. டிரங்குப் பெட்டியை இழுத்து மூடியைத் திறந்தார். சேலைகளை எடுத்து வெளியே வைத்தார். நெல் குதிரின் மூடியைத் தள்ளினார். சுருட்டி வைத்திருந்த பாய்களை உதறினார். "என்ன செய்றீங்க?" என்றார் ஹெட்கிளார்க்.

"நல்லாப் பாத்துக்கங்கய்யா. என் வீட்டுல ஒண்ணும் இல்ல. ஒருதரம் பாத்துட்டுப் போயிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி."

"அதான் ஆறும் சுவத்துல இருக்கேய்யா, நான்தான் தொட்டுப் பாத்தேனே" என்றார் அதிகாரி.

வாட்ச்மேன் தலையாட்டினார். ஒரு சின்னப் பிள்ளை பொய் சொன்னால் நாம் எப்படித் தலையாட்டுவோமோ அப்படி. டிரங்குப் பெட்டியைக் கையால் காட்டிக்கொண்டே நின்றார். அதிகாரி வேறு வழியில்லாமல் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "இல்லய்யா. ஒண்ணும் இல்ல" என்றார். பிறகுதான் வாட்ச்மேன் பெட்டியை மூடினார்.

வெளியே வந்து ஜீப்பில் ஏறப்போனேன். அவர் என் பின்னாலேயே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"நீங்க அம்புட்டுப் பேரும் நல்லவுக. நான் ஜீப்புல வரணுமின்னு அந்தப் பேரக் கொண்டாந்து சட்டை மாட்டிக்கு வச்சுவிட்டீக. அது எனக்குத் தெரியாதாத்தா? இருபத்தெட்டு வருசமா நான் தேச்ச மாட்டி அது. நான் தொலைச்ச ஆறும் எங்கிட்டாச்சும் கெடச்சிச்சுன்னா, ஒரு வார்த்தை எனக்குச் சொல்லிவிடு."

அவரிடம் விளக்கியிருக்கலாம். பாய் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்தக் கடிதத்தை அடித்த கை என் சேலைத் தலைப்பைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது.

"சரிங்கய்யா, சொல்லிவிடுறேன்" என்றேன்.